விளையாட்டுத் திடலை ஒட்டி ஓர் உணவகம்: நியூயார்க் யூனியன் ஸ்கொயர் மண்டபம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் யூனியன் ஸ்கொயர் என்றொரு பூங்கா இருக்கிறது. அதன் வடமுனையில் குழந்தைகளின் விளையாட்டுத் திடலை ஒட்டிப் பழைய மண்டபம் ஒன்று நிற்கிறது. அதில் உணவகம் நடத்த அனுமதிப்பது என்று நகரப் பூங்காத் துறை முடிவெடுத்தது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். இரண்டு வழக்குகள் நடந்தன. கடைசியில் 2014 மே மாதம் உணவகம் திறந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பூங்காவுக்குள்ளோ பூங்காவை ஒட்டியோ கடை வரும்போது, வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் விவாதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வழக்கில் மக்கள் கேட்ட கேள்வி ஒன்று, நீதிமன்றம் பதில் சொன்ன கேள்வி வேறொன்று. இந்த இடைவெளி எப்படி உண்டானது, எந்தக் கட்டத்தில் அதை மூடியிருக்க முடியும் என்பதைப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

யூனியன் ஸ்கொயர் 1839-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பூங்கா. இரண்டு பெரிய சாலைகள் கூடுமிடம் என்பதால் அந்தப் பெயர். தொழிற்சங்கத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வரலாறு இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டது. 1882 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் முதல் தொழிலாளர் தின ஊர்வலம் இந்தப் பூங்காவைக் கடந்துதான் போனது. அதனால்தான் 1997-இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1970-இல் முதல் புவி நாளுக்கு நியூயார்க்கில் மக்கள் கூடியது இங்கேதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மெழுகுவர்த்தியும் காணாமல்போனவர்களின் படங்களுமாக ஊரே வந்து நின்றதும் இங்கேதான். 1976-இலிருந்து வாரத்தில் சில நாட்கள் விவசாயிகள் நேரடியாகக் காய்கறி விற்கும் சந்தையும் நடக்கிறது.

இவ்வளவும் நடக்கும் இடம் அளவில் சிறியது. அடியில் சுரங்க ரயில் நிலையம், சுற்றிலும் உயரமான கட்டிடங்கள், தெருவுக்குத் தெரு உணவகங்கள். இலவசமாகப் போய் உட்கார ஒரு சதுர அடி கிடைத்தால்கூட அதற்கு மதிப்பு உண்டு.

மண்டபம் 1930களின் தொடக்கத்தில், பூங்காவை உயர்த்திக் கட்டியபோது உருவானது. மேலே கூரை, பக்கங்கள் திறந்தவை. கூட்டம் போட, பேச, மழைக்கு ஒதுங்க, குழந்தைகள் ஓடியாட ஏற்ற இடம். பழைய வாசிகள் அதை அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் பராமரிப்பு தேய்ந்தது.

உணவகம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 1994 முதல் 2007 வரை, மண்டபத்தை ஒட்டிய திறந்தவெளியில் ஓர் உணவகம் நடந்துகொண்டிருந்தது. கோடையில் மேசை போடுவார்கள், குளிர் வந்தால் எடுத்துவிடுவார்கள். மண்டபத்துக்கு வெளியேதான் நடந்தது, அதனால் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில் முடிவின் பாதி அந்தப் பதின்மூன்று ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ‘இங்கே உணவகம் நடப்பது வழக்கம்தானே’ என்று சொல்ல நகரத்துக்கு ஒரு முன்னுதாரணம் கிடைத்துவிட்டது.

சீரமைப்புத் திட்டம்

2000களின் நடுவில் பூங்காவின் வடமுனை முழுவதையும் சீரமைக்கும் திட்டம் வந்தது. விளையாட்டுத் திடலைப் பெரிதாக்குவது, வடக்குச் சதுக்கத்தைச் செப்பனிடுவது, மண்டபத்தைப் புதுப்பித்து அதில் பருவகால உணவகம் நடத்துவது எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. அப்பகுதி வணிகர்களும் சொத்து உரிமையாளர்களும் சேர்ந்த வணிக மேம்பாட்டு அமைப்பு ஒன்று திட்டத்தில் முக்கியப் பங்காளி. பெயர் வெளியிடாத ஒரு நன்கொடையாளர் 50 லட்சம் டாலர் தருவதாகவும் செய்தி வந்தது.

ஒரே தொகுப்பாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திடல் பெரிதாவதை எந்தத் தாய் தகப்பன் எதிர்ப்பார்கள்? திடல் வேண்டும், உணவகம் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வந்தவர்களுக்கு, மொத்தத் திட்டத்துக்கும் தடை போடுகிறவர்கள் என்ற பெயர் எளிதாக வந்து ஒட்டிக்கொண்டது. நன்கொடை யார் கொடுத்தது, எந்த நிபந்தனையோடு கொடுத்தது என்று தெரியாதபோது சந்தேகம் இன்னும் வளர்ந்தது. அந்தச் சந்தேகம் சரியா தவறா என்பது எனக்கு முக்கியமில்லை. பொது இடத்துக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று குடிமக்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமலே திட்டம் நகர்ந்தது தவறு.

மக்கள் கருத்து சொல்ல வழி இருந்ததா என்றால், இருந்தது. நியூயார்க்கில் 59 சமூக வாரியங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சம்பளம் வாங்காத 50 பேர் வரை இருப்பார்கள். பூங்கா, நிலப் பயன்பாடு, மது உரிமம் போன்றவை வாரியத்தின் முன் வரும். யாரும் போய்ப் பேசலாம். ஆனால் வாரியம் சொல்வது ஆலோசனை மட்டுமே. துறை அதைக் கேட்டுவிட்டுத் தன் வழியில் போகலாம்.

முதல் வழக்கு: சீக்கிரம் வந்துவிட்டீர்கள்

2008-இல் வேலை தொடங்கும் நேரத்தில், பூங்காவுக்காகச் சேர்ந்த குடியிருப்பாளர் கூட்டமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. நீதிமன்றம் திடல் வேலைகளைத் தொடர அனுமதித்தது; மண்டபத்தை உணவகமாக்கும் வேலைக்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தது. எதிர்த்தவர்களுக்கு அது பெரிய நம்பிக்கை கொடுத்தது.

2009-இல் வழக்கு தள்ளுபடியானது. உணவகம் நடத்த இன்னும் யாரோடும் உடன்படிக்கை இல்லை. துறை கடைசியில் என்ன செய்யப்போகிறது என்பதே உறுதியாகவில்லை. ஆகவே இப்போது தீர்ப்புச் சொல்ல எதுவுமில்லை என்பது காரணம். வழக்கு இன்னும் கனியவில்லை என்று அங்குள்ள சட்ட மொழியில் சொல்வார்கள்.

சட்டப்படி இது சரியான நிலைதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது பாருங்கள். வரைபடம் இருக்கும்போது கேட்டால், உடன்படிக்கை இல்லை என்கிறார்கள். உடன்படிக்கை வரும்போது கேட்டால், பணம் செலவாகிவிட்டது. 2010-இல் பெரிதாக்கிய திடல் திறந்துவிட்டது, குழந்தைகள் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். வடமுனை வேலையில் பெரும்பகுதி முடிந்தபின் மீதியிருந்தது மண்டபத்துக்கு யார் வருவார்கள் என்பது மட்டும்தான்.

உடன்படிக்கை, 2012

2012-இல் துறை ஒரு தனியார் உணவக நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு உடன்படிக்கை போட்டது. ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை உணவகம். மீதிக் காலம் மண்டபம் சமூகப் பயன்பாட்டுக்கு. முதல் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் அல்லது மொத்த விற்பனையில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதை நிறுவனம் நகரத்துக்குக் கட்ட வேண்டும்.

உடன்படிக்கையின் விவரங்கள்தான் பின்னால் வழக்கைத் தீர்மானித்தன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எந்த மாதம், எந்த நாள், எந்த நேரம் திறப்பது என்பதற்குத் துறையின் முன் ஒப்புதல் வேண்டும். எத்தனை ஊழியர்கள், அவர்களின் வேலை அட்டவணை, பண்டங்களின் விலை ஆகியவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும். வெளியே போடும் இருக்கைகளில், சாப்பிட வராதவர்களும் உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 25 நாள் முன்னறிவிப்பு கொடுத்து எந்த நேரமும் உடன்படிக்கையைத் துறை முடித்துக்கொள்ளலாம். அந்த முடிவு தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

படித்தவுடன் தோன்றுவது, இதை எழுதியவர் வணிக ஒப்பந்தமாக மட்டும் எழுதவில்லை, நீதிமன்றத்தில் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார் என்பதுதான். பூங்கா நிலத்தை மாநிலச் சட்டமன்றத்தின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்பது நியூயார்க்கின் பழைய சட்டக் கொள்கை. பூங்கா என்பது மக்களுக்காக அரசு காத்துவைத்திருக்கும் அறக்கட்டளைச் சொத்து மாதிரி. குத்தகைக்கு விட்டால் அது கைமாற்றிய கணக்கு. உரிமம் கொடுத்தால் கைமாற்றவில்லை. நம் நாட்டுச் சட்டத்திலும் குத்தகைக்கும் உரிமத்துக்கும் இதே வேறுபாடுதான்: குத்தகையில் இடத்தின் மீது ஓர் உரிமை பிறக்கிறது, உரிமத்தில் அந்த இடத்தில் ஒரு காரியம் செய்ய அனுமதி மட்டும் கிடைக்கிறது.

இரு தரப்பும் சொன்னவை

எதிர்த்தவர்களின் வாதத்தில் எனக்குக் கனமாகத் தெரிவது இதுதான். இந்தப் பூங்காவைச் சுற்றிச் சாப்பிட இடத்துக்குக் குறைவே இல்லை. குறைவாக இருப்பது குழந்தைகள் காசில்லாமல் விளையாட இடம். கூரையுள்ள ஒரே மண்டபத்தை, வெயிலும் மழையும் அடிக்கும் மாதங்களில், திடல் நிரம்பி வழியும் பருவத்தில், உணவகத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்காலத்தில் ‘சமூகப் பயன்பாடு’ என்று திருப்பிக் கொடுப்பதில் என்ன பயன்? பக்கங்கள் திறந்த மண்டபத்தில் ஜனவரியில் எந்தக் குழந்தை விளையாடும்? மண்டபத்தின் வரலாறும் அவர்களுக்கு முக்கியம். மக்கள் நின்று பேசிய இடத்தில் இனிப் பணம் உள்ளவர் மட்டும் உட்காரலாம் என்பது அவர்களுக்கு வலித்தது.

துறையின் பக்கமும் வெறுங்கை இல்லை. பூங்காவுக்கு வருபவர்களுக்குச் சாப்பாடு, கழிப்பறை, உட்காரும் இடம் வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் இடம் பாதுகாப்பாக இருக்கும். மண்டபம் பாழடைவதைவிட யாரோ ஒருவர் பராமரிப்பது மேல். மன்ஹாட்டனின் பெரிய பூங்காவான சென்ட்ரல் பார்க்கில் 1934-இலேயே உணவகம் வந்துவிட்டது. அதனால் அந்தப் பூங்கா பூங்காவாக இல்லாமல் போய்விடவில்லை.

வருமானம் என்ற வாதத்தில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. நியூயார்க்கில் பூங்காக் கடைகள் கட்டும் பணம் அந்தப் பூங்காவுக்கு நேராகப் போவதில்லை. நகரத்தின் பொது நிதியில் சேர்கிறது. யூனியன் ஸ்கொயரில் இடம் போகிறது, பணமோ எங்கோ கலந்துவிடுகிறது. ‘உணவகம் வந்தால் பூங்காவுக்கு வருமானம்’ என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், எந்தக் கணக்கில் என்று உடனே கேட்க வேண்டும்.

இரண்டாவது வழக்கு: 2013, 2014

2013 ஜனவரியில் முதல்நிலை நீதிமன்றம் எதிர்த்தவர்களின் பக்கம் நின்றது. (நியூயார்க்கில் முதல்நிலை நீதிமன்றத்தின் பெயர்தான் ‘சுப்ரீம் கோர்ட்’. செய்தியைப் படித்த பலர் இதில் ஏமாந்தார்கள். உச்ச மன்றம் ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ என்பது.) இப்படிப்பட்ட உணவகம் பூங்காப் பயன்பாட்டில் சேருமா என்பது விசாரிக்கப்பட வேண்டியது என்று சொல்லி, உணவகத்துக்குத் தடை விதித்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்ன நகரத்தின் மனுவையும் ஏற்கவில்லை.

அதே ஆண்டு மேல்முறையீட்டு மன்றம் அதைத் திருப்பிப்போட்டது. 2014 பிப்ரவரி 20 அன்று கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் நகரத்துக்குச் சாதகமாக முடித்துவைத்தது.

உச்ச மன்றத்தின் முன் இருந்தது இரண்டு கேள்விகள். உணவகம் பூங்காப் பயன்பாடா? இது குத்தகையா, உரிமமா?

முதல் கேள்விக்கு மன்றம் 1965-ஆம் ஆண்டின் தன் தீர்ப்பு ஒன்றைப் பார்த்தது. சென்ட்ரல் பார்க்கின் ஒரு மூலையில் கஃபே கட்டுவதை எதிர்த்து அப்போது சிலர் வழக்குப் போட்டிருந்தார்கள். பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்பதில் மனிதருக்கு மனிதர் கருத்து மாறும், அதைத் தீர்மானிப்பது பூங்கா நிர்வாகியின் வேலை, அவருக்கு அதிகாரமே இல்லை என்று காட்டினால் மட்டும் நீதிமன்றம் தலையிடும் என்பது அன்றைய நிலை. 2014-லும் மன்றம் அதையே பின்பற்றியது. பூங்காவில் உணவகம் நெடுநாளாக ஏற்கப்பட்ட பயன்பாடு. இரண்டு நல்ல பயன்பாடுகளில் எது மேல் என்று தேர்ந்தெடுப்பது துறைத் தலைவரின் உரிமை.

இரண்டாவது கேள்விக்கு உடன்படிக்கையே பதில் சொன்னது. துறையின் கட்டுப்பாடு நிறைய, மண்டபம் முழுக்க முழுக்க நிறுவனத்தின் கையில் இல்லை, 25 நாளில் முடித்துக்கொள்ளலாம், எனவே உரிமம். இங்கே 1964-ஆம் ஆண்டின் வழக்கு ஒன்றும் எதிர்ப்பக்கம் நின்றது. நகரம் கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு உரிமம் என்று பெயர் வைத்துக் கொடுத்ததை, உள்ளடக்கத்தில் அது குத்தகைதான் என்று அதே மன்றம் அன்று சொல்லியிருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் துறைக்கு இவ்வளவு பிடி இருக்கவில்லை. 2012-இல் எழுதியவர்கள் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள்.

எதிர்த்தவர்கள் நம்பியிருந்த 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உதவவில்லை. பிராங்க்ஸ் பகுதியின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்கு அடியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட நகரம் முயன்றபோது, சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று மக்கள் வென்ற வழக்கு அது. சுத்திகரிப்பு நிலையம் பூங்காப் பயன்பாடு ஆகாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. உணவகம் அப்படி இல்லை.

தீர்ப்பைப் படித்தபோது சட்டத்தில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வருத்தம் மட்டும் இருந்தது. ‘இந்த மண்டபத்துக்கு இதுதான் நல்ல பயன்பாடா?’ என்று அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். ‘இது அனுமதிக்கப்பட்ட பயன்பாடா?’ என்பதற்கு மட்டும் நீதிமன்றம் பதில் சொன்னது, அதுதான் அதன் வேலை. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் துறையும் சமூக வாரியமும் நகர்மன்றமும். அங்கே அந்தக் கேள்வி ஒழுங்காக, மாற்று யோசனைகளோடு, கட்டாயப் பதிலோடு விவாதிக்கப்படவே இல்லை.

பிறகு

2014 மே மாதம் உணவகம் திறந்தது. திடல் பக்கத்திலேயே தொடர்ந்து நடந்தது.

இதற்கு நடுவில் ஒரு வாய்ப்பு வந்து போனது. 2014 ஜனவரி 1 அன்று நகருக்குப் புதிய மேயர் பதவியேற்றார். 25 நாள் விதி அப்போதும் உடன்படிக்கையில் இருந்தது. புதிய நிர்வாகம் அதைத் தொடவில்லை. சென்ட்ரல் பார்க் கஃபே வழக்கோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே நகரம் 1965-இல் வழக்கில் வென்றது, ஆனால் அடுத்த ஆண்டு வந்த புதிய நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் கஃபே கட்டப்படவே இல்லை. ஓரிடத்தில் தோற்றவர்களுக்குப் பூங்கா மிஞ்சியது, இன்னோரிடத்தில் மிஞ்சவில்லை. இரண்டிலும் சட்டம் ஒன்றுதான்.

எதை மாற்றியிருக்கலாம்

பயன்பாட்டைப் பற்றிய பேச்சு வரைபடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். மண்டபத்தைப் புதுப்பிப்பது ஒரு தீர்மானம், அதற்குள் என்ன நடக்கும் என்பது இன்னொன்று. திடலோடு சேர்த்து ஒரே கட்டாக வைத்ததால் இரண்டாவது கேள்வி தனியாக வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஒரு சமையலறைக்கு வேண்டிய குழாய், புகைபோக்கி, கழிவுநீர் இணைப்பு எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டால், அந்தக் கட்டிடத்தில் பிறகு வேறு எதுவும் நடக்க வாய்ப்புக் குறைவு. கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒப்பந்த நகல் எப்போது வரும் என்று காத்திருக்காமல் கட்டிட வரைபடத்தை முதலில் கேட்க வேண்டும்.

பருவத்தைப் பங்கிட்ட விதத்தையும் மாற்றியிருக்கலாம். பள்ளி விடுமுறையும் வெயிலும் சேரும் ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் நேரம் மண்டபம் குழந்தைகளுக்கு, மாலையில் உணவகம் என்று பிரித்திருந்தால் எதிர்ப்பின் பாதி கரைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிறுவனத்துக்கு வருமானம் குறைந்திருக்கும், கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைத்திருக்கலாம். பணம் எப்படியும் அந்தப் பூங்காவுக்கு வரப்போவதில்லை என்னும்போது, நகரம் அந்தக் குறைவைத் தாங்கியிருக்க முடியும்.

சமூக வாரியத்தின் கருத்து கட்டாயமில்லாமல் இருப்பதை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் வாரியம் எழுப்பும் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் துறை எழுத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பதில் ஒப்பந்தக் கோப்பில் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் இருந்திருந்தால்கூட நீதிமன்றம் வாசிக்க ஏதாவது இருந்திருக்கும். 2014-இல் மன்றத்தின் முன் இருந்தது துறை எழுதிய உடன்படிக்கைதான். அக்கம்பக்கத்தார் சொன்னது கூட்டக் குறிப்புகளில் கிடந்தது.

எதிர்த்தவர்களின் உத்தியிலும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. முதல் வழக்கு தள்ளுபடியான 2009-க்கும் உடன்படிக்கை வந்த 2012-க்கும் நடுவே மூன்று ஆண்டுகள் இருந்தன. உணவகம் வேண்டாம் என்பதோடு, மண்டபத்தில் என்ன வேண்டும், அதை யார் நடத்துவார்கள், எவ்வளவு செலவாகும் என்று ஒரு முழுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகர்மன்ற உறுப்பினர்களிடம் போக அது நல்ல காலம். துறைத் தலைவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றால், தேர்ந்தெடுக்க இரண்டாவது திட்டம் ஒன்று மேசையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வெளி இருக்கைகளில் யாரும் உட்காரலாம் என்பது உடன்படிக்கையில் இருந்தது. பணம் கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே, ஒன்றும் வாங்காமல் போய் உட்காருவதற்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பேரனைத் திடலில் விட்டுவிட்டு நிழல் தேடும் ஒரு பாட்டிக்கு, அந்த நாற்காலி தனக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பலகை, அவர் நிற்கும் திடலின் வாசலிலேயே, அவர் கண்ணில் படும் உயரத்தில் இருக்க வேண்டும்.